சம்பளத்துக்கு முன் ஸ்டியரிங்கைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: நான் நாஷ்வில்லில் இருக்கிறேன். வயது 27, கிரீன் கார்டு இருக்கிறது. திருச்சியில் ஏழு வயதில் கர்நாடக வயலின் ஆரம்பித்தேன். பதிமூன்று வயதில் டெக்சாஸ் வந்தபின் ஃபிடில் பக்கம், அதாவது கன்ட்ரி பாணி வயலின் பக்கம் போய்விட்டேன். இப்போது லோயர் பிராட்வே பார்களில் வாரம் நான்கு ஷிஃப்ட் வாசிக்கிறேன். ஒரு கன்ட்ரி பேண்ட் ஆறு வாரச் சுற்றுப்பயணத்துக்குக் கூப்பிடுகிறது. மொத்தம் 27 கச்சேரி. டல்சா, ஃபோர்ட் வொர்த், சான் ஆன்டோனியோ பக்கம், அமரில்லோ, டென்வர் என்று சுற்றிக் கடைசியில் நாக்ஸ்வில். 15 சீட் வேன், பின்னால் ட்ரெய்லர். என்னோடு ஆறு பேர், மற்ற ஐவரும் ஆண்கள். கச்சேரிக்கு 175 டாலர், சாப்பாட்டுக்கு நாளுக்கு 25 டாலர். "டி-ஷர்ட் விற்கும் மெர்ச் மேசையைப் பார்த்துக்கொள், வண்டியை முறை வைத்து ஓட்டுவோம்" என்கிறார்கள். டூர் மேனேஜர் கிடையாது, பாடகரேதான் எல்லாம். நான் சைவம். அம்மா "ஊர் ஊராகப் போய்க் கூத்தாடவா வயலின் சொல்லிக்கொடுத்தோம்?" என்கிறார். போகலாமா? என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: போகலாம். அள்ளிக்கொடுக்கிற சம்பளம் இல்லை, ஏமாற்றுச் சம்பளமும் இல்லை. வேனில் சுற்றும் பேண்டுகள் ஏறக்குறைய இப்படித்தான் தருகின்றன. உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது ஒரே ஒரு வரிதான்: "முறை வைத்து ஓட்டுவோம்."

மேடையில் நிற்பது தொண்ணூறு நிமிஷம். டெக்சாஸ் டான்ஸ் ஹால் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் போகும். பிராட்வேயில் நான்கு மணி நேர ஷிஃப்ட் வாசித்துப் பழகியவருக்கு அது பெரிய காரியமில்லை. மீதி இருபது மணி நேரத்தில்தான் பேண்டுகள் உடைகின்றன, ஆட்கள் அடிபடுகிறார்கள், வாத்தியம் திருடுபோகிறது. அந்த இருபது மணி நேரம் எப்படிப் போகும் என்பது, யார் ஓட்டுகிறார், அவர் எப்போது தூங்கினார் என்பதைப் பொறுத்தது.

உங்கள் பாதையையே எடுத்துக்கொள்வோம். அமரில்லோவில் இரவு 11.30-க்குக் கச்சேரி முடிகிறது. கழற்றி, கட்டி, ஏற்றி, மெர்ச் கணக்கு முடித்து, பணம் வாங்கிக் கிளம்ப 1 மணி ஆகிவிடும். அங்கிருந்து ரேடன் வழியாக டென்வர் சுமார் 430 மைல். ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு, பெட்ரோலுக்கும் பாத்ரூமுக்கும் நின்று போனால் சராசரி மணிக்கு 55 மைலைத் தாண்டாது. ஆக எட்டு மணி நேரம். "ராத்திரியே அடித்துவிடுவோம், அங்கே போய்த் தூங்கிக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். எல்லா பேண்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டால் விடிகாலை ஐந்து மணிக்கு, கண் சொக்கும் அந்த நேரத்தில், 7,834 அடி உயர ரேடன் கணவாயில் ட்ரெய்லரோடு ஏறி இறங்கிக்கொண்டிருப்பீர்கள். அமரில்லோவிலேயே படுத்துக் காலை எட்டுக்குக் கிளம்பினால் மாலை நான்குக்குப் போய்ச் சேரலாம். டென்வர் மவுன்டன் நேரத்தில் இருப்பதால் அங்கே கடிகாரம் மூன்றுதான் காட்டும். சவுண்ட்செக்குக்கு வேண்டிய நேரம் இருக்கும். அறை வாடகை மிச்சம் என்பார்கள். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு போனாலும் பகலில் படுக்க டென்வரில் அறை போட்டுத்தானே ஆக வேண்டும்?

இந்த அவசரம் கன்ட்ரி உலகத்துக்குப் பழைய நோய். 1963 மார்ச் 5 அன்று கன்ட்ரி பாடகி பேட்ஸி கிளைன் கன்சாஸ் சிட்டி உதவிக் கச்சேரிக்குப் போய்விட்டுச் சிறு விமானத்தில் நாஷ்வில் திரும்பிக்கொண்டிருந்தார். டயர்ஸ்பர்க்கில் எரிபொருள் நிரப்ப இறங்கினார்கள். வானிலை மோசம், இரவு தங்கிப் போங்கள் என்று அங்கே சொல்லிப் பார்த்தார்கள். தங்கவில்லை. வீடு சேர இன்னும் தொண்ணூறு மைல் இருக்கையில் கேம்டன் அருகே விமானம் விழுந்தது.

எனவே பாடகரிடம் முதலில் பேச வேண்டியது இதை. கச்சேரி முடிந்தபின் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. ஒரு நாளில் எல்லோர் முறையும் சேர்த்து வண்டி பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை. அன்றிரவு ஓட்டப்போகிறவர் ஒரு பியர்கூடக் குடிப்பதில்லை, சாமானைக் கழற்றி ஏற்றும் லோட்-அவுட் வேலையிலிருந்தும் அவருக்கு விடுப்பு. ஓட்டுபவர் பக்கத்து சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது. தூக்கம் வந்தால் இடம் மாறிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் கெடுபிடி இல்லை. பயணிகள் பேருந்து ஓட்டுபவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் விதியே எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுத்தபின் அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம் என்பதுதான். சம்பளத்துக்கு அதை மட்டுமே செய்கிற ஆளுக்கு அந்த வரம்பு. பகலெல்லாம் ஆம்ப்ளிஃபயர் தூக்கி, இரவில் வாசித்து முடித்த ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காகிதம். வேனின் வணிகக் காப்பீட்டில் ஓட்டுநர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள். உங்கள் சொந்தக் கார் காப்பீடு இந்த வேலைக்குக் கைகொடுக்கும் என்று நம்பவும் வேண்டாம். வேன், ட்ரெய்லர் இரண்டின் அனுமதிக்கப்பட்ட எடையும் சேர்ந்து 10,001 பவுண்டை எட்டி, தொழிலுக்காக மாநில எல்லையும் தாண்டினால் மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண்ணான யு.எஸ்.டாட் எண் வேண்டும், ஓட்டுபவர் கையில் மருத்துவத் தகுதிச் சான்றும் வேண்டும். 15 சீட் வேனும் இரட்டை அச்சு ட்ரெய்லரும் சேர்ந்தால் அந்த எடையைச் சுலபமாகத் தாண்டிவிடும். "நாங்கள் பேண்ட்தானே, லாரிக் கம்பெனியா?" என்பது சாலையோரச் சோதனையில் எடுபடாது.

இனி வண்டி. 15 சீட் வேனில் ஆளும் சுமையும் கூடக் கூடக் கவிழும் அபாயம் கூடுகிறது என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல தடவை எச்சரித்திருக்கிறது. ஆறு பேரும் பின் அச்சுக்கு முன்னால் உட்காருங்கள். கடைசி சீட்டுக்குப் பின்னால் கனமான சாமான் வேண்டாம், கூரைமேல் எதுவுமே வேண்டாம். நீளமாகக் கால் நீட்டிப் படுக்க வேனின் பின் சீட் அழைக்கும். பெல்ட் போடாமல் அதில் படுப்பவர்தான் விபத்தில் முதலில் வெளியே தூக்கி எறியப்படுகிறார். உட்கார்ந்தபடி, பெல்ட்டோடு, கழுத்துத் தலையணை வைத்துத் தூங்கப் பழகுங்கள்.

ட்ரெய்லரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பேண்டுகளில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆறடிக்குப் பன்னிரண்டடி, இரட்டை அச்சு மூடிய ட்ரெய்லர் வெறுமனே இரண்டாயிரம் பவுண்டுக்குக் கிட்ட இருக்கும். டிரம், ஆம்ப், பெடல் ஸ்டீல் கிட்டார், மெர்ச் எல்லாம் ஏற்றினால் 3,500 ஆகிவிடும். இந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 350 முதல் 525 பவுண்டு வரை, வேனின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின்மேல் அழுந்த வேண்டும். அதற்குக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டும். கூடினால் வேனின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தில் பிடி குறையும். கனமான சாமான் அச்சுக்கு மேலும் அதற்குச் சற்று முன்னாலும், இலேசானது வாசல் பக்கமும் என்று அடுக்கி, பட்டை போட்டு இறுக்க வேண்டும். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். அதற்கு இருபது டாலருக்குள்தான் ஆகும்.

இதில் மெர்ச்சால் வரும் ஒரு சிக்கல் உண்டு. அதைப் பார்க்கப்போவது நீங்கள் என்பதால் கவனியுங்கள். டி-ஷர்ட் பெட்டிகளை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ட்ரெய்லரின் முன்பக்கவாட்டுக் கதவருகே, அதாவது மூக்கிலேயே, அடுக்குவார்கள். 72 சட்டை கொண்ட பெட்டி முப்பது பவுண்டு கனக்கும். எட்டுப் பெட்டி இருந்தால் 240 பவுண்டு மூக்கில். நன்றாக விற்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். நான்காவது வாரம் பெட்டி எல்லாம் காலி. மற்ற சாமான் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஹிட்ச் மேல் இருந்த எடையில் கணிசமான பங்கு சத்தமில்லாமல் போய்விட்டது. அதுவரை ஒழுங்காக வந்த ட்ரெய்லர் ஒருநாள் இறக்கத்தில், லாரி ஒன்று உரசிக்கொண்டு முந்திப் போகும் காற்றில், ஆடத் தொடங்கும். யாருக்கும் காரணம் புரியாது. வாரம் ஒருமுறை சாமானை இறக்கி, மிச்சமிருப்பதைப் புதிதாக அடுக்குங்கள். சட்டை குறையக் குறைய டிரம் இரும்புச் சாமான் பெட்டியை முன்னால் நகர்த்துங்கள்.

ஆட ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள், திருப்பித் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். டாஷ்போர்டில் ட்ரெய்லர் பிரேக்குக்கென்று தனி நெம்புகோல் இருக்கும். அதை மட்டும் கையால் மெல்ல அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகிவிடும். நெடுஞ்சாலையின் அடுத்த வெளியேறும் வழியில் இறங்கிச் சுமையை முன்னால் தள்ளியபின்தான் மறுபடி கிளம்ப வேண்டும். மான் குறுக்கே வந்தாலும் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருக்க வேண்டும். டெக்சாஸ் மலைப்பகுதியில் அந்தியிலும் விடியலிலும் மான் வரும். ட்ரெய்லரோடு வெட்டித் திருப்பினால் மான் பிழைக்கும், நீங்கள் கவிழ்வீர்கள்.

பெட்ரோலுக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம் ட்ரெய்லரைச் சுற்றி வாருங்கள். சக்கரத்தின் நடுக் குமிழைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. பேரிங்குக்கு வருஷம் ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்வதற்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது, நூறு மைலுக்குள் நட்டை மறுபடி முறுக்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கொக்கிக்குக் கீழே பெருக்கல் குறிபோல் குறுக்காகப் போக வேண்டும். பந்திலிருந்து கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அவை தொட்டில்போல் தாங்கும்.

இரவு நிறுத்தும்போது ட்ரெய்லரின் பின்கதவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். திறக்க இடமில்லாத கதவை உடைத்தும் பயனில்லை. ஹிட்ச் பூட்டு போடுங்கள், இல்லாவிட்டால் ட்ரெய்லரையே அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். எவ்வளவு பூட்டினாலும் வயலின் மட்டும் இரவில் அறைக்கு உங்களோடு வர வேண்டும்.

இப்போது பணம். 27 கச்சேரிக்கு 4,725 டாலர். ஆறு வாரத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 112 டாலர் 50 சென்ட். 25 டாலர் சாப்பாட்டுப் பணம் 42 நாளுக்குமா, கச்சேரி நாளுக்கு மட்டுமா? முதலாவதென்றால் 1,050, இரண்டாவதென்றால் 675. இந்த வித்தியாசத்தை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் உங்களை ஊழியராக அல்ல, 1099 என்ற வரிப் படிவம் தரப்படும் சுயதொழில் ஒப்பந்தக்காரராகத்தான் வைப்பார்கள். வரி பிடிக்க மாட்டார்கள் என்பதால் சுயதொழில் வரி மட்டுமே, செலவு கழிக்காமல் பார்த்தால், 670 டாலருக்குக் கிட்ட வரும். வருமான வரி தனி. டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை, மற்ற மாநிலங்களில் வாசித்ததற்கு அங்கே கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம். வந்த பணத்தில் நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். கம்பி, பழுது, ஓட்டல், டாக்ஸி ரசீதுகளை அன்றன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். சம்பளம் பயணம் முடிந்தபின் மொத்தமாக என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வர வேண்டும். கச்சேரி ரத்தானால் பாதியாவது உண்டா, நடுவில் பயணமே நின்றுபோனால் வீடு திரும்பும் டிக்கெட் யார் செலவு என்பதும் இப்போதே தெரிய வேண்டும். பிராட்வேயில் விட்டுப்போகும் ஷிஃப்ட்டுகளுக்குப் பதில் ஆளை நீங்களே போடுங்கள். பார்க்காரர் போட்டால் திரும்பி வரும்போது அந்த இடம் இருக்காது.

(கிரீன் கார்டு இல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எச்-1பி விசாவில் இருப்பவர் தன் நிறுவனத்தைத் தவிர வேறிடத்தில் காசு வாங்கி வாசிக்க முடியாது. மாணவர் விசாவும் இதற்கு உதவாது. "ரொக்கமாகத் தருகிறோம்" என்பதால் அது சட்டப்படி ஆகிவிடாது.)

ஃபிடில், மெர்ச், வண்டி என்று மூன்று வேலை, சம்பளம் ஒன்று. ஒன்றை விடுங்கள். மெர்ச்சை விடாதீர்கள், அதில் உங்களுக்குப் பங்கு கேட்கலாம். மொத்த விற்பனையில் 5 முதல் 10 சதவீதம் கேட்பது நியாயம். விட வேண்டியது இரவு ஓட்டம். மெர்ச் பார்ப்பவர் கச்சேரி முடிந்தபின் ஒரு மணி நேரம் நின்று சிரித்து, கையெழுத்துப் போட்டு, காசு எண்ணிக்கொண்டிருப்பவர். அவரை அதன்பிறகு ஸ்டியரிங்கில் உட்காரவைப்பது மடத்தனம். பகல் ஓட்டத்தில் உங்கள் முறையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மெர்ச்சில் தவறு நடப்பது எண்ணிக்கையில். கதவு திறக்கும் முன் அளவுவாரியாக எண்ணி எழுதுங்கள், மூடியபின் மறுபடி எண்ணுங்கள். கன்ட்ரி கூட்டத்துக்குப் பெரிய அளவுகள் வேண்டும். 24 சட்டையில் ஸ்மால் 3, மீடியம் 5, லார்ஜ் 6, எக்ஸ்எல் 5, டபுள் எக்ஸ்எல் 4, ட்ரிபிள் எக்ஸ்எல் 1 என்று ஆரம்பித்து, விற்பதைப் பார்த்து மாற்றலாம். ஐந்து, பத்து டாலர் நோட்டாக நூறு டாலர் சில்லறை வைத்திருங்கள். சில அரங்குகள் மெர்ச் விற்பனையில் பங்கு எடுக்கும். 2023-இல் லைவ் நேஷன் தன் கிளப்புகளில் அதை நிறுத்துவதாக அறிவித்தது, வேறு இடங்களில் இன்னும் உண்டு. எத்தனை சதவீதம், வரிக்கு முன்பா பின்பா என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

டூர் மேனேஜர் இல்லாததால் ஒவ்வொரு அரங்குக்கும் ஒரு வாரம், பத்து நாள் முன்பு யாராவது பேசியாக வேண்டும். எங்கே நிறுத்துவது, ட்ரெய்லருக்கு இடம் உண்டா, லோட்-இன், சவுண்ட்செக், கதவு திறப்பு, செட் நேரம், சாப்பாடா காசா, குளிக்க வசதி உண்டா. இவை ஒரே பக்கத்தில் டே ஷீட்டாக எல்லோர் கைபேசிக்கும் வர வேண்டும். நேரமெல்லாம் உள்ளூர் நேரம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். நாஷ்வில் சென்ட்ரல் நேரம், உங்கள் கடைசி ஊரான நாக்ஸ்வில் ஈஸ்டர்ன் நேரம். ஒரே மாநிலம்தானே என்று போய் ஒரு மணி நேரம் தாமதமாக நிற்கும் பேண்டுகள் உண்டு.

ஆறு பேருக்கு இரண்டு அறை போடுவார்கள். மூன்றாவது அறை கேளுங்கள். தினமும் கிடைக்காது, ஆனாலும் கேளுங்கள். தனிக் கட்டில் மட்டும் பேரத்துக்கு அப்பாற்பட்டது. கச்சேரி இல்லாத நாளில் தனி அறை, அந்த நாட்களில் துணி துவைத்துத் தூங்குங்கள். ரசிகர் வீட்டில் தங்கல் என்றால் யார் வீடு, எந்த முகவரி என்பது அன்று காலையிலேயே தெரிய வேண்டும். இரவில் வாசலில் நின்று தீர்மானிக்கும் விஷயம் இல்லை அது. யாருக்கும் சொல்லாமல் ஒரு கிரெடிட் கார்டில் அறுநூறு டாலரைத் தொடாமல் வையுங்கள். எந்த ஊரிலிருந்தும் எந்த நேரத்திலும் கிளம்பி வர முடியும் என்பது தெரிந்தால் நிம்மதியாக வாசிக்கலாம். அம்மாவுக்கும் டே ஷீட்டை அனுப்புங்கள், இருப்பிடத்தைக் கைபேசியில் பகிர்ந்துவிடுங்கள். கூத்து என்று அவர் சொன்னதைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போய் விடிய விடிய ஆடியவர்கள் பகலில் தூங்கினார்கள். உங்களுக்குத்தான் அந்தத் தூக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சைவச் சாப்பாட்டில் ஏமாற்றுவது இறைச்சி இல்லை, காய்கறி. தென் மாநிலங்களில் பீன்ஸை பன்றிக்கொழுப்போடும் பேக்கனோடும் வேகவைப்பது வழக்கம். கீரைக்குப் பன்றிக்கால் எலும்பு போடுவார்கள். மெக்சிகன் கடையில் மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "எதில் வேகவைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அரங்கில் பார்பிக்யூதான் வரும், எனவே உணவுக்குப் பதில் காசு கொடுக்கச் சொல்லி டே ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள். மூன்று கப் ரைஸ் குக்கர் ஒன்று, அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் பாட்டில், ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டல் அறையில் இருபத்தைந்து நிமிஷத்தில் சோறு தயார். பேண்டில் பாதிப் பேர் தட்டோடு வந்து நிற்பார்கள், அதற்கும் சேர்த்து அரிசி வாங்குங்கள்.

வாத்தியம் பற்றி உங்களுக்குச் சொல்ல அதிகமில்லை. அமரில்லோ, டென்வர் பக்கம் காற்று உலர்ந்தது. மரம் சுருங்கிப் பிருடை நழுவும், ஒட்டு விடும். பெட்டிக்குள் ஈரப்பதப் பொதி வைத்து 45, 50 சதவீதத்தில் நிறுத்தப் பாருங்கள். அந்த உலர்ந்த காற்றில் வில்லின் முடியும் சுருங்கும். வாசித்ததும் தளர்த்தாவிட்டால் வில்லின் நுனி முறியும். இரண்டாவது வில் இல்லாமல் கிளம்பாதீர்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட் குச்சி சாயும், அமரில்லோவில் அதை நிமிர்த்த ஆள் தேடுவது கஷ்டம். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து குளிர் அறைக்கு வந்தால் பெட்டியை முக்கால் மணி நேரம் மூடியே வையுங்கள்.

பேண்ட் அரைச் சுருதி இறக்கி வாசிக்கிறதா என்று முதல் ஒத்திகைக்கு முன்பே கேளுங்கள். பாடகர் தொண்டைக்காக அப்படிச் செய்பவர்கள் நிறைய. பாட்டின் ஸ்வரக்கூட்டுகளை எண்ணால் எழுதும் நாஷ்வில் எண் முறை பிராட்வேயில் பழகியிருப்பீர்கள். சட்ஜத்தை எந்தக் கட்டையில் வைத்தாலும் மத்யமம் மத்யமம்தான் என்று வளர்ந்தவருக்கு 1, 4, 5 எல்லாம் வீட்டுச் சோறு. வைரக் குறி போட்ட எண்ணை அந்தத் தாளச் சுற்று முழுக்க நீட்டிப் பிடிக்க வேண்டும், அடிக்கோடு போட்ட இரண்டு எண் ஒரே சுற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும். பயணத்தில் பாடல்கள் அவசரமாக மாறும்போது இவை இரண்டில்தான் தடுமாறுவார்கள். பெடல் ஸ்டீல்காரரும் நீங்களும் ஒரே இடைவெளியைக் குறிவைப்பீர்கள். முதல் சரணத்தின் நிரப்பு யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்று வேனிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

காதுக்கு, அச்செடுத்துச் செய்த இசைக்கலைஞர் அடைப்பான் போடுங்கள், 15 டெசிபல் வடிகட்டி போதும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும். உங்கள் இடது காதுக்கு ஃபிடிலே கத்துகிறது, அந்தப் பக்கம் டிரம்மின் தட்டும் வராமல் நில்லுங்கள். மேடையில் வாசிப்பைக் காதிலேயே கேட்க உதவும் வயர்லெஸ் காது மானிட்டர் பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை 2020 ஜூலை 13 முதல் பயன்படுத்தக்கூடாது. அதனால்தான் அது மலிவு. மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் கிளம்பும் முன் நாஷ்வில்லில் உள்ள மியூசிக் ஹெல்த் அலையன்ஸிடம் பேசுங்கள். இசைத்துறையினருக்கு இலவசமாக உதவுகிறார்கள்.

அடுத்த வருஷம் பஸ் என்று ஆசை காட்டுவார்கள். வந்தால் நல்லதுதான், ஓட்டுநர் தனி என்பதே பாதி விமோசனம். அங்கே படுக்கையில் கால் வண்டியின் முன்பக்கம் பார்க்கப் படுக்க வேண்டும், திடீர் பிரேக்கில் கழுத்து தப்பும். பஸ் கழிப்பறையில் சிறுநீர் மட்டும். நடுவழியில் இறங்கினால் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். சொல்லாமல் போய்த் திரும்பி வந்தால் பஸ் நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டுதான் இருக்கும். அப்படி விடுபட்டவரை "ஆயில் ஸ்பாட்" ஆனார் என்றே சொல்வார்கள்.

பாடகருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சம்பளம் எந்தக் கிழமை, சாப்பாட்டுப் பணம் எத்தனை நாளுக்கு, ரத்தானால் என்ன, தனிக் கட்டில், மெர்ச் பங்கு, பகலில் மட்டும் ஓட்டுவேன், காப்பீட்டில் என் பெயர். ஏழு வரி போதும், அவர் "சரி" என்று பதில் எழுதினால் அதுவே ஒப்பந்தம். அதோடு ட்ரெய்லர் டயரின் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டாட் என்று தொடங்கும் எழுத்துக் கோவையின் கடைசி நான்கு இலக்கம் டயர் பிறந்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்ற இடத்தில் காய்ந்துதான் சாகும். பள்ளம் புதிதுபோல் இருக்கும், வெடிக்கும். ஆறு வருஷத்தைத் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றச் சொல்லுங்கள், மாற்றிய படம் வந்தபிறகு பெட்டியைக் கட்டுங்கள்.